இரண்டு கோழிக்கு ஒரு தென்னை!

கையில் ஒரு துண்டுக் காகிதமும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 18,000 என்று எழுதுங்கள். அதனை 175-ஆல் வகுத்துப் பாருங்கள். 102 ரூபாயும் 86 காசும் வருகிறதல்லவா? நயா பைசாவைத் தள்ளி 103 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டில்லியின் தாராளத்தைக் குறைத்துச் சொன்னோம் என்ற பழி நமக்கு வேண்டாம்.

175 என்பது ஒரு ஹெக்டேர் தோப்பில் நிற்கும் தென்னைகளின் எண்ணிக்கை. ஏக்கருக்கு எழுபது மரம் என்று நம் உழவர் போடும் அதே கணக்குதான். 18,000 என்பது, 2015 முதல் 2020 வரை நடப்பில் இருந்த பேரிடர் நிவாரண அளவுகோலில், பல்லாண்டுப் பயிர் அழிந்துபட்டால் ஹெக்டேர் ஒன்றுக்கு மத்திய அரசாங்கம் ஒப்புக்கொண்ட தொகை. அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைக்கும்தான். அதற்குமேல் உன் தோப்பைக் காற்று கொண்டுபோனாலும் கடல் கொண்டுபோனாலும் பட்டியலுக்குக் கவலையில்லை.

அதே பட்டியலில், அதே ஆண்டுகளில், செத்துப்போன கோழி ஒன்றுக்கு 50 ரூபாய். இரண்டு கோழி செத்தால் 100. ஒரு தென்னை சாய்ந்தால் 103! கோழிக்காரருக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அது போதாதுதான். ஆனால், நட்டு ஐந்தாறு ஆண்டு தண்ணீர் சுமந்து, பாளை விட்ட நாள் முதல் அறுபது ஆண்டு அரிசிக்கும் உப்புக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஈடு கொடுக்கிற ஒரு மரத்தை, இரண்டு கோழிக்குச் சமமென்று எழுதிய கை எந்தக் கை? அந்தக் கை எந்நாளேனும் ஒரு தென்னம்பிள்ளைக்குக் குழி வெட்டியிருக்குமா? தமிழன் தென்னங்கன்றைக் கன்று என்றுகூடச் சொல்வதில்லை, பிள்ளை என்கிறான். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் வைத்த பிள்ளை கைவிடாது என்று நம்பி வைக்கிறான். அந்தப் பிள்ளைக்கு டில்லி கட்டிய விலை இது.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலை மறந்திருக்கமாட்டீர்கள். வேதாரணியம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடி என்று கடலோரம் தொடங்கி உள்நாடு வரையில் ஒரே இரவில் இலட்சம் இலட்சமாகத் தென்னைகள் சாய்ந்தன. காலையில் எழுந்தவர் தம் ஊருக்குத் தாமே வழி தெரியாமல் நின்றனர். முன்பெல்லாம் மரங்களால் மறைந்திருந்த அடுத்த ஊர்க் கோபுரம் வெட்டவெளியில் தெரிந்தது. மாவும் பலாவும் முந்திரியும் வேரோடு புரண்டு கிடந்தன. கீரமங்கலம் வட்டாரத்தில் பூச்செடிகள் மண்ணோடு மண்ணாயின. நெல் மூழ்கினால் அடுத்த பருவம் என்றொன்று உண்டு. தோப்பு விழுந்தவனுக்கு அடுத்த பருவம் என்பது ஏழாண்டுக்கு அப்பால் இருக்கிறது.

அந்நாளில் மாநில அரசாங்கம் என்ன செய்தது? நேர்மையாகச் சொல்வோம், எதிர்ப்பக்கத்தில் நிற்கிறோம் என்பதற்காக உள்ளதை இல்லையென்று எழுத வேண்டிய இழிநிலை நமக்கில்லை. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அறிவித்தது. ஹெக்டேருக்கு 1,92,500 ரூபாய். மறுநடவுக்கும் தனியே உதவி சொல்லிற்று. டில்லியின் 103 ரூபாயோடு ஒப்பிட்டால் இது மலைதான். தோப்புக்காரனின் இழப்போடு ஒப்பிட்டால்? நன்றாகப் பேணிய நெட்டை மரம் ஆண்டுக்கு எண்பது காய்க்குக் குறையாமல் தரும். காய் ஒன்று பத்து ரூபாய் என்று குறைத்தே போடுங்கள்: 800 ரூபாய். அறுபதாண்டு வாழவேண்டிய மரத்துக்கு மாநிலம் கொடுத்த 600 ரூபாய் ஈடு, அம்மரத்தின் ஓராண்டுக் காய்க்குக்கூடக் காணாது! மரம் மட்டுமா போயிற்று? அதன் நிழலில் ஊடுபயிராக நின்ற கோகோவும் வாழையும் வெயிலில் கருகியதற்கு யார் கணக்கு எழுதினார்?

இன்னொன்று சொல்லவேண்டும், தோப்பு வைத்திருப்போர் அறிவார்கள், மற்றத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புயலில் விழுந்த மரம் மட்டும் செத்த மரமன்று. நின்றபடியே குருத்துத் திருகிப்போன மரம் இருக்கிறது. கணக்கெடுக்க வருகிற அலுவலர் நிமிர்ந்து பார்ப்பார், மரம் நிற்கிறது, "சேதமில்லை" என்று எழுதிக்கொண்டு போவார். ஆறு மாதம் கழித்துக் கொண்டை சரிந்து மொட்டையாகும்போது அவருடைய பேரேடு மூடப்பட்டிருக்கும். விழுந்த மரங்களையோ அகற்றக் கூலியில்லாமல் கிடத்தி வைத்தால், அந்த மட்கும் தண்டிலேயே காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் பெருகி, பிழைத்து நிற்கிற மரத்தின் குருத்தையும் தண்டையும் குடையும். ஆகவே அகற்றுங்கூலி உடனே கைக்கு வரவேண்டியது. கணக்கெடுப்பு என்பது ஒரு நாள் வந்து போகிற சடங்காக இருக்கக்கூடாது. மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மீண்டும் வந்து பார்க்கவேண்டும் என்று நாம் கேட்டோமா? கேட்டிருக்க வேண்டும், இனியேனும் கேட்போம்.

டில்லியிடம் போவோம். அந்த நவம்பரிலேயே அன்றைய முதலமைச்சர் பிரதமரை நேரில் கண்டு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டார். டிசம்பர் 31-ஆம் நாள் உயர்நிலைக் குழு கூடித் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புக்கொண்டது 1,146 கோடியே 12 இலட்சம். ஆள் மாறினால் போக்கு மாறிற்றா? 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல், அதே மாதம் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெருவெள்ளம். இரண்டுக்குமாக மாநிலம் கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி. 2024 ஏப்ரலில் வந்தது ஏறத்தாழ 276 கோடி. அதற்கும் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது! மாநிலம் பேரம் பேசும் கடைக்காரனைப்போல் கூட்டிக் கேட்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். கேட்பதில் மிகை இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்று மிகையா, பாதி மிகையா? நூற்றில் ஒன்றுகூடக் கொடுக்காத கைக்கு மிகையைப்பற்றிப் பேச உரிமையுண்டா?

அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது, தோழர்களே! அதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும், பாராளுமன்றத்தில் கேள்வி எழும் போதெல்லாம், அச்சுப் போட்டு வைத்ததுபோல் அதே பதில் வருகிறது: "இது நிவாரணம், இழப்பீடன்று." இழந்ததற்கு ஈடு கொடுப்பது எம் கடமையன்று, துயர் தணிக்க ஏதோ கொடுக்கிறோம், பெற்றுக்கொள், வாயை மூடு! இந்தப் பேச்சின் பிறப்பிடம் எது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது, வைசிராய் லிட்டன் அனுப்பி வைத்த சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரைமகன், நிவாரண வேலைக்கு வந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அளந்து வைத்தான். அது உயிர் தாங்காது என்று மாகாணத்துச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற வெள்ளைக்காரரே எதிர்த்துச் சொன்னார். எவ்வளவு இழந்தாய் என்று கேளாமல், எவ்வளவு குறைத்துக் கொடுத்தால் நம்மீது பழி வராது என்று பார்க்கும் கணக்கு அன்று தொடங்கியது. துரைகள் போனார்கள், கணக்கு போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குறைந்தபட்ச நிவாரணம் எவை எவை என வரிசைப்படுத்தும் இடத்தில், உயிரிழப்புக்கான கருணைத்தொகை, வீட்டுச் சேதத்துக்கான உதவி என்று சொல்லி, அதோடு வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவி என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். மீட்பது! உழவனின் வாழ்வாதாரம் மீள்வதென்றால், சாய்ந்த தோப்பு மீண்டும் தோப்பாவது. 103 ரூபாயில் எந்தத் தோப்பு எழும்? எழுதிய சட்டத்துக்கும் கொடுக்கும் காசுக்கும் நடுவே கிடக்கும் இந்தப் பள்ளத்தைத்தான் "நிவாரணம், இழப்பீடன்று" என்ற பலகையைப் போட்டு மூடப் பார்க்கிறார்கள்.

அதே சட்டத்தில் 13-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கொடும் பேரிடரில் சிக்கியோரின் கடன் சுமையைத் தளர்த்தவும், சலுகை நிபந்தனையில் புதுக் கடன் தரவும் பரிந்துரைக்கலாம் என்பது அதன் சாரம். 'இருந்தது' என்று சொல்கிறேன், கவனியுங்கள். 2024 சூலை 30-இல் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. எஞ்சியவர்களின் வங்கிக் கடனைத் தள்ளக்கூடாதா என்று கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்தது. 13-ஆம் பிரிவு நீக்கப்பட்டது! பிறகு நீதிமன்றத்தில் அந்தப் பிரிவே இல்லையே என்று பதில் சொன்னார்கள். வீடு புதைந்த மண்ணின் ஈரம் காயுமுன் சட்டத்தின் ஏட்டைக் கிழித்தவர்கள், நாளை தஞ்சைத் தோப்புக்காரனின் கூட்டுறவுக் கடனுக்கு இரங்குவார்கள் என்று நம்புவோர் நம்பட்டும்.

இனி, எவரும் பேசாத ஒரு பிரிவினரைப்பற்றிப் பேச விரும்புகிறேன். நாற்றுப்பண்ணைக்காரர்கள். ஊர் வழக்கில் நர்சரிக்காரர்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில், ஊர் எல்லையில், நிழல்வலை கட்டிய கொட்டகையும் வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளும் பார்த்திருப்பீர்கள். அங்கே நிலம் பெரிதன்று. கால் ஏக்கர், அரை ஏக்கர். ஆனால் அந்த நிலத்தின்மேல் நிற்கிற முதல் பெரிது. செம்மண் வண்டி வந்து இறங்கவேண்டும், எரு சலிக்கவேண்டும், பை நிரப்பும் பெண்களுக்கு நாள்தோறும் கூலி கொடுக்கவேண்டும், தாய்ச்செடி வாங்கவேண்டும், ஒட்டுக் கட்டத் தெரிந்த கை வேண்டும். ஒட்டு மாங்கன்று ஓர் இரவில் வருவதன்று. விதைத் தேங்காய் நாற்றாகி நடுவதற்கு வர ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். இத்தனையும் திறந்த வெளியில், ஒரு வலைக்குக் கீழே நிற்கிறது. புயல் முதலில் தூக்கியடிப்பது அந்த வலையைத்தான். வெள்ளம் முதலில் மிதக்கவிடுவது அந்தப் பைகளைத்தான்.

இப்போது மீண்டும் எழுதுகோலை எடுங்கள். 25 சென்ட் நிலம். ஏறத்தாழ 10,900 சதுர அடி. பாதியை நடைவழிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் விட்டுவிடுவோம். மிச்சப் பாதியில் சதுர அடிக்கு நான்கு பை வைத்தாலும் இருபதாயிரத்துக்குமேல் கன்று. கன்று ஒன்று பத்து ரூபாய் என்று வையுங்கள், ஒட்டுக்கன்றின் விலை இதைவிடப் பலமடங்கு என்பதை மறந்துவிட்டு. இரண்டு இலட்சம் ரூபாய் முதல். அது ஒரே இரவில் சேறாயிற்று. அரசாங்கம் என்ன தரும்?

2022 அக்டோபரில் அளவுகோலைத் திருத்தினார்கள். 2025-26 வரைக்கும் என்று வகுத்த அந்தப் பட்டியலில், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. (தென்னை 129 ரூபாயாக ஏறிவிட்டது, தோழர்களே, கோழியும் நூறாக ஏறிவிட்டது!) 25 சென்ட் என்பது ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு. 17,000 கணக்கில் 1,700 ரூபாய்ச் சொச்சம். குறைந்தது 2,000 தரவேண்டும் என்றொரு வரி இருப்பதால் 2,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இலட்சம் போனவனுக்கு இரண்டாயிரம்! நூற்றுக்கு ஒன்று. டில்லி மாநிலத்துக்குக் கொடுக்கும் விகிதம், பட்டியலின் வழியாக இறங்கி, கடைசியில் நாற்றுப்பண்ணைக்காரன் தலையிலும் அப்படியே விடிகிறது பாருங்கள்!

இந்த இரண்டாயிரமாவது கிடைக்குமா? அதிலும் ஐயம். ஏனெனில் அந்தப் பட்டியல் பயிர் விளைந்த நிலப்பரப்பை அளக்கிறதே அன்றி, நிலத்தின்மேல் பையில் நிற்கும் கன்றை எண்ணுவதில்லை. நாற்றுப்பண்ணை என்று தனி இனமே அங்கில்லை. பட்டுப்புழுவுக்கு இடமுண்டு. படகுக்கும் வலைக்கும் இடமுண்டு. மீன்குஞ்சுப் பண்ணைக்கும் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள், வரவேற்கிறோம். மீன்குஞ்சை வளர்க்கிற பண்ணை கண்ணுக்குத் தெரிந்தவர்களுக்கு, மரக்கன்றை வளர்க்கிற பண்ணை ஏன் தெரியவில்லை? பயிர் என்றால் வேர் பூமியில் இருக்கவேண்டும். பையில் இருந்தால் அது சரக்கு என்கிறார்களா? சரக்கென்றால் வணிகர் நிவாரணம் எங்கே? வேளாண்மைத் துறை கேட்டால் தோட்டக்கலையைப் பார் என்பதும், தோட்டக்கலை கேட்டால் வருவாய்த்துறையைப் பார் என்பதும், அடங்கலில் பயிராக ஏறவில்லையே என்று கிராம நிர்வாக அலுவலர் கையை விரிப்பதும் எங்கே போய் முடியும்? ஆனால், விதை உரிமம் எடுக்காமல் நாற்று விற்றால் நடவடிக்கை என்று எச்சரிக்கை விடும்போது மட்டும் அதே நாற்றுப்பண்ணை அரசாங்கத்தின் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்துவிடும்!

உலகத்தில் வேறெங்கும் இப்படியில்லை என்று சொல்லமாட்டேன். பல நாடுகளில் இதனினும் கேடு. ஆயினும் முதலாளித்துவத்தின் தலைநகரம் என்று பேர் பெற்ற அமெரிக்காவிலேயே, 2014 வேளாண் சட்டத்தின்கீழ் நிலையாக்கப்பட்ட மர உதவித் திட்டம் என்று ஒன்றுண்டு. பழத்தோட்டக்காரர் என்றும் நாற்றுப்பண்ணைக்காரர் என்றும் அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வழக்கமான சாவுக்கு மேல் கன்றும் மரமும் அழிந்தால், மறுநடவுச் செலவில் நூற்றுக்கு 65 பங்கும், வெட்டி அகற்றும் செலவில் பாதியும் அரசு தாங்கும். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வெட்டி விற்கவென்று வளர்க்கும் மரக்கன்றுக்குக்கூட அங்கே இடமிருக்கிறது. இங்கே ஊருக்குச் சோறு போடும் தென்னம்பிள்ளைக்கு இல்லை. செலவில் பங்கு என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். அவர்கள் நிலத்தை அளக்கவில்லை. மீண்டும் எழுப்ப என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். நம் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்வதும் இதைத்தானே?

இதில் இன்னொரு பேதைமை இருக்கிறது. புயலுக்குப் பின் மறுநடவு, மறுநடவு என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நடுவதற்குக் கன்று எங்கிருந்து வரும்? உள்ளூர் நாற்றுப்பண்ணையை நிமிரவிடாமல் செய்துவிட்டு, வெளியூரிலிருந்து லாரியில் கன்று இறக்கினால், அது எந்தத் தாய்மரத்தின் கன்று, எந்த மண்ணுக்குப் பழகியது என்று யாருக்குத் தெரியும்? தென்னையில் இந்தப் பிழை ஏழாண்டு கழித்துத்தான் வெளிப்படும். அப்போது விற்றவனைத் தேட முடியாது. பட்டுக்கோட்டைக்கு அருகில் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த மண்ணுக்கென்றே இரகங்கள் கண்டு வெளியிட்ட நிலையம். அதன் தாய்மரத்து விதைத் தேங்காயைச் சுற்றுவட்டாரத்து நாற்றுப்பண்ணைகள் வாங்கி வளர்க்க, அரசு அந்நாற்றுக்கு விலை உறுதி கூற, அந்தக் கன்று விழுந்த தோப்புக்குப் போக, நிவாரணப் பணமும் வட்டாரத்திலேயே சுழலும். கன்றும் நல்ல கன்றாக இருக்கும். இதற்குப் பெரும் நிபுணர் குழு வேண்டுமா? ஒரு சிறு அரசாணை போதும்.

"காப்பீடு எடுத்திருக்கலாமே" என்று குளிர்ந்த அறையிலிருந்து கேட்பவர் உண்டு. தென்னைக்கு மட்டும் ஒரு காப்பீட்டுத் திட்டம் உண்டு என்பது உண்மை. பதினாறு ஆண்டு முதல் அறுபது ஆண்டு வரையிலான மரத்துக்கு அதில் உறுதித்தொகை 1,750 ரூபாய், இளமரத்துக்கு 900. பிரிமியத்தில் முக்கால் பங்கைத் தென்னை வளர்ச்சி வாரியமும் மாநிலமும் ஏற்கும். நல்லதுதான், ஆனால் கஜாவுக்கு முன் பேராவூரணிப் பக்கம் எத்தனை தோப்புக்காரரிடம் அந்தத் திட்டத்தின் பெயரையாவது யாரேனும் போய்ச் சொன்னார்கள்? நாற்றுப்பண்ணையில் பையில் நிற்கும் தென்னம்பிள்ளைக்கு அதிலும் இடமில்லை. நான்கு வயது ஆனபிறகுதான் மரமென்று ஒப்புக்கொள்வார்கள்.

குத்தகைக்காரனின் நிலையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால் அது பாவம். 1952 நவம்பரில் நாகையைப் புயல் தாக்கிற்று. அதே ஆண்டில்தான் தஞ்சைக் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969-இல் வந்தது. இத்தனை ஆண்டு கடந்தும், காவிரிப் படுகையில் வாய்ச்சொல்லில் நிலம் பிடித்து உழுகிறவன் இன்னும் வாய்ச்சொல்லாகவே நிற்கிறான். கோயில் நிலம், மடத்து நிலம், பட்டணத்துக்குப் போய்விட்ட மிராசுதாரர் நிலம். விதை அவன் போட்டது, உரம் அவன் கடன்பட்டு வாங்கியது, வெள்ளம் மூழ்கடித்தது அவன் வியர்வையை. நிவாரணம் வருகிற வங்கிக் கணக்கோ பட்டாவில் பெயருள்ளவருடையது! பட்டாதாரர் நல்லவராக இருந்தால் பாதி கொடுப்பார். நல்லவர்தானா என்பதைப் பொறுத்துச் சோறு உண்ணும் நிலையைத்தானே அரை நூற்றாண்டுக்கு மேலாக எதிர்த்துவந்தோம்? சாகுபடி செய்தவர் யார் என்பதைப் பக்கத்து வயல்காரர் இருவர் கையொப்பமிட்டுச் சொன்னால் போதும் என்று விதி வகுக்க என்ன தடை? நாற்றுப்பண்ணைக்காரரிலும் பலர் வாடகை நிலத்தில் நிற்பவர்களே. அவர்களுக்குப் பட்டாவுமில்லை, அடங்கலுமில்லை. மின்கட்டணச் சீட்டும் விதை உரிமமும்தான் சாட்சி.

மாநிலத்தைப்பற்றி ஒரு சொல், சுருக்கமாகவே. 2021 சனவரியில், நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 என்றிருந்ததை 20,000 ஆக உயர்த்தினார்கள். பல்லாண்டுப் பயிருக்கு 25,000. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்கும் நெல்லுக்கு 20,000. ஆனால் 2023 டிசம்பரிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னும் அறிவித்தது 17,000. பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உரம் விலை ஏறிற்று, கூலி ஏறிற்று, நிவாரணம் மட்டும் இறங்கிற்று! டில்லியின் பட்டியலோடு ஒட்டி நின்றுகொண்டால் கைக்காசு மிச்சம் என்று கண்டுகொண்டார்கள். டில்லி எளியவன்மீது காட்டும் கஞ்சத்தனத்தைக் கண்டித்து மேடையில் முழங்கியவர்கள், அந்தக் கஞ்சத்தனத்தின் அளவுகோலையே எடுத்து வயலில் நட்டால், முழக்கத்துக்கு என்ன மதிப்பு?

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். பெருமுதலாளிகளுக்கு வாராக்கடன் என்று எழுதித் தள்ளும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக நினைவில்லை. "உழவர் பொய்க் கணக்குக் கொடுப்பார்" என்பார்கள். சிலர் கொடுப்பார்கள்தான். அதற்கு மருந்து, பட்டியலைப் பொதுவில் வைப்பது. எல்லோருக்கும் குறைத்துக் கொடுப்பதன்று. கிராமசபையில் பெயர் பெயராகப் படித்தால், இல்லாத தோப்புக்கு யார் பணம் வாங்கினார் என்பதை ஊரே சொல்லிவிடும். நூற்றுக்கு 33 பங்கு சேதம் இருந்தால்தான் உதவி என்கிறார்களே, 32-க்கும் 33-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து எழுதுகிறவர் யார்? அந்த ஒரு விழுக்காட்டில்தான் இலஞ்சம் குடியிருக்கிறது. அதை மறைவில் எழுதவிடாமல் சபையில் எழுத வைப்பது நம் வேலை.

2026 முதல் 2031 வரை 16-ஆவது நிதிக்குழுவின் ஐந்தாண்டு. பழைய பட்டியலின் காலம் 2025-26-ஓடு கட்டப்பட்டது. புதிய ஐந்தாண்டில் தென்னை எத்தனை கோழிக்குச் சமம், நாற்றுப்பண்ணைக்கு இடமுண்டா, குத்தகைக்காரன் பெயர் எங்கே வரும் என்பவை டில்லி எழுத்தர்கள் மட்டும் தீர்க்கவேண்டிய கேள்விகளல்ல. நம் கோரிக்கை தெளிவானது. மரத்துக்கு மரம் கணக்கிடு. நிலப்பரப்பைக் காட்டி ஏய்க்காதே. மறுநடவுச் செலவில் பங்கு கொடு. நாற்றுப்பண்ணையைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர். கன்றை எண்ணிக் கொடு. உழுதவன் கணக்கில் பணத்தைப் போடு. நீக்கிய 13-ஆம் பிரிவை மீண்டும் சட்டத்தில் வை.

கேட்டால் மட்டும் வராது. கையில் ஏடு இருக்கவேண்டும். 1952, 1955, 1964, 1977, 2018 என்று வங்கக்கடல் நமக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் நவம்பரிலும் டிசம்பரிலும் வந்தவை. ஆகவே கிளைத் தோழர்கள் ஒவ்வொருவரும் ஐப்பசி பிறக்குமுன் தம் ஊராட்சியில் ஒரு சுற்றுப் போகவேண்டும். எத்தனை தோப்பு, தோப்புக்கு எத்தனை மரம், காய்க்கிற மரம் எத்தனை, பிள்ளை எத்தனை. நாற்றுப்பண்ணை எத்தனை, அதில் எந்தக் கன்று எத்தனை பை, உரிமம் உண்டா, நிலம் யாருடையது. குத்தகைக்கு உழுகிறவர் யார், பட்டா யார் பெயரில் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி, உரியவரிடமே படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். தேதி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் வட்டாட்சியருக்கு அனுப்புங்கள். இன்னொரு படி ஒன்றியச் செயலாளரிடம் இருக்கட்டும். நாற்றுப்பண்ணைக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் மாலையில் போங்கள். காலையில் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இருக்கும்.